பக்கவாத சிகிச்சை: பதினைந்து நாளில் முடிகிற கணக்கு

பக்கவாதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கடிகாரத்தைப் பார்த்தே பேசுகிறோம். அதில் நியாயம் உண்டு. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபட்டால், அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். பெரிய குழாய் அடைபட்டிருந்தால், மெல்லிய குழலைத் தொடை வழியே உள்ளே செலுத்தி உறைகட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையை, தக்க நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாள். அன்று நடைபெறும் விழிப்புணர்வுப் பேரணிகளின் பதாகைகளிலும் 'நேரமே மூளை' என்ற பொருளிலான வாசகங்களே நிறைந்திருக்கும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் என்ற மூன்று அறிகுறிகளையும் பள்ளி மாணவர்கள்கூட இன்று சொல்கிறார்கள். பொதுச் சுகாதாரத்தில் இது மெச்சத்தக்க முன்னேற்றம்.

ஆனால், உயிர் பிழைத்து வீடு திரும்பியவருக்குக் கடிகாரத்தைவிட நாள்காட்டிதான் முக்கியம். ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று நீளும் அந்தக் காலத்துக்கு நம் காப்பீட்டுத் திட்டங்களில் என்ன இடம் இருக்கிறது? நான் மருத்துவன் அல்லன். முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். எனவே, இந்தக் கேள்வியைச் செலவு, காலம், ஊக்கத்தொகை ஆகியவற்றின் வழியாகவே அணுகுகிறேன்.

முதலில் நோயின் போக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பக்கவாதங்களில் ஒரு பகுதி கழுத்தில் தொடங்குகிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனிகள் கழுத்தின் இருபுறமும் உள்ளன. அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிந்து பாதை குறுகும்போது, அந்தப் படிவிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குச் சென்று அடைத்துக்கொள்கிறது. இப்படி ஒருமுறை சிறு பக்கவாதம் வந்து, தமனியும் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் என்ன செய்வது? வட அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெரும் ஆய்வு ஒன்று 1991-இல் இதற்குத் தெளிவான விடை தந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு இரண்டாண்டுகளுக்குள் அதே பக்கத்தில் மீண்டும் பக்கவாதம் வந்தது. தமனியைத் திறந்து படிவை நீக்கும் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் அது 9 சதவீதம் மட்டுமே. பின்னாளில் அறுவைக்கு மாற்றாக ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயைப் பொருத்தும் முறையும் பரவியது.

இந்த இரண்டு சிகிச்சைகளிலும் ஒரு முரண் இருக்கிறது. தமனியைத் திறந்தாலும் வலைக்குழாயை வைத்தாலும் அதன் உட்சுவர் காயப்படுகிறது. உடல் அந்தக் காயத்தை ஆற்றுகிறது. சில வேளைகளில் தேவைக்கு அதிகமாகவே ஆற்றிவிடுகிறது. புதிதாக வளரும் திசு, திறந்துவிட்ட பாதையை மறுபடியும் குறுக்குகிறது. முதல் இரண்டாண்டுகளில் நேரும் மறுசுருக்கத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதன் பிறகு வருவது பழைய கொழுப்புப் படிவின் மறுவருகை.

எத்தனை பேருக்கு இப்படி நேர்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,502 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'கிரெஸ்ட்' ஆய்வில், இரண்டாண்டுகளில் கடுமையான மறுசுருக்கமோ முழு அடைப்போ ஏற்பட்டவர்கள் இரு சிகிச்சை முறைகளிலும் ஏறத்தாழ 6 சதவீதம். பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக இருந்தது. மறுசுருக்கம் ஏற்பட்டவர்களுக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாகவும் இருந்தது. சர்வதேச அளவில் நடந்த மற்றொரு ஆய்வு, பாதியளவு சுருக்கத்தையே எல்லையாகக் கொண்டு ஐந்தாண்டுகள் வரை கணக்கிட்டது. அதில் ஸ்டென்ட் பெற்றவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கும் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கும் மறுசுருக்கம் தென்பட்டது. அளவுகோலை மாற்றினால் எண் எவ்வளவு மாறுகிறது என்பதைப் புள்ளியியல் படித்தவர்கள் கவனித்திருப்பார்கள். எந்த அளவுகோலை எடுத்தாலும், சிகிச்சை முடிந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை என்பது மட்டும் மாறவில்லை.

இந்தச் சுருக்கம் வெளியே தெரியாது. வலி இல்லை, தலைசுற்றலும் பெரும்பாலும் இல்லை. அதைக் கண்டறிய எளிய வழி, கழுத்தில் கருவியை வைத்துப் பார்க்கும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 1842-இல் பிராகில் கிறிஸ்டியன் டாப்ளர் விண்மீன்களின் நிறத்தை விளக்க முன்வைத்த கோட்பாடு, இன்று நம் கழுத்தில் ஓடும் ரத்தத்தின் வேகத்தை அளக்கப் பயன்படுகிறது. அகன்ற வாய்க்காலில் நிதானமாக வரும் தண்ணீர், மதகின் குறுகலான வாயில் சீறிப் பாயும் அல்லவா? தமனியிலும் அதே கதைதான். குறுகிய இடத்தில் ரத்தத்தின் வேகம் கூடும். சிகிச்சை பெறாத தமனியில் அந்த உச்ச வேகம் வினாடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால், பாதியளவோ அதற்கு மேலோ சுருங்கியிருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுறுகிறார்கள்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த தமனி விறைத்துப்போகிறது; அதன் சுவர் முன்போல் விரிந்து சுருங்குவதில்லை. அதனால் சுருக்கம் ஏதும் இல்லாதபோதும் ரத்தத்தின் வேகம் கூடுதலாகவே பதிவாகும். அத்தகைய தமனிக்கு 125 என்ற எல்லை பொருந்தாது. 220 என்ற அளவில் உயர்ந்த எல்லையை வைக்க வேண்டும் என்று ஆய்வுகள் பரிந்துரைக்கின்றன. அதைவிடச் சிறந்த வழி, சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்குள் ஒரு முறை அளந்து, அந்த நோயாளிக்கு உரிய அடிப்படை எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது. ஆறாம் மாதத்தில் எடுக்கும் அளவை அதோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு. விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு அடிப்படை ஆண்டு எப்படியோ, அப்படித்தான் இதுவும். அடிப்படை ஆண்டு இல்லாமல் இன்றைய குறியீடு 160 என்று யாராவது சொன்னால், அது ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? முதல் ஸ்கேன் எடுக்காதவரின் ஆறாம் மாத ஸ்கேனும் ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருக்கிறது. வீண் பயமோ வீண் நிம்மதியோ தந்துவிட்டுப் போகும்.

அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2011-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், சிகிச்சைக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இத்தகைய பரிசோதனை செய்வது நியாயமானது என்கிறது. நிலைமை சீரானதும் இடைவெளியை நீட்டிக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இனி நம் காப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள். 2018-இல் தொடங்கிய பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்களும், வீடு திரும்பிய பின் 15 நாள்களும் அதில் அடங்கும். நோயாளியின் முதல் தொடர் பரிசோதனையோ 30-ஆம் நாள் வாக்கில் வருகிறது! சொந்தப் பணத்தில் பாலிசி எடுத்தவர்களின் நிலையும் பெரிதாக மேம்பட்டதன்று. தனியார் பாலிசிகள் வழக்கமாக மருத்துவமனைக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள்களுக்கே பணம் தருகின்றன. மறுசுருக்கத்தைத் தேட வேண்டிய ஆறாம் மாதம் இவற்றுக்கும் அப்பால் நிற்கிறது.

படுக்கையில் கிடந்தால் பணம், நடந்து வந்தால் இல்லை என்பதே இந்தியக் காப்பீட்டின் அடிப்படை இலக்கணம். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013–14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021–22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இது சாதாரண மாற்றமல்ல. ஆயினும், மிச்சமிருக்கும் அந்தச் செலவில் பெரும்பகுதி புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் பரிசோதனையும்தான்.

ஸ்கேன் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தானே, அதைக்கூடக் கட்ட மாட்டார்களா என்று கேட்கலாம். தடை கட்டணத்தில் மட்டும் இல்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து தள்ளி, ஒரு சிற்றூரில் வாழும் என் மூத்த சகோதரிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அவரைப் பெருநகரத்துக்கு அழைத்துச்செல்ல வாடகைக் கார், மகனுக்கு ஒரு நாள் சம்பளமற்ற விடுப்பு, வழியில் சாப்பாடு என்று ஆன செலவு ஸ்கேன் கட்டணத்தை விஞ்சிவிட்டது. வகுப்பறையில் வாய்ப்புச் செலவு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியது இதைத்தான். மறு ஆண்டு நான் தொலைபேசியில் நினைவூட்டியபோது, "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குடா மறுபடியும் போய் நிக்கணும்?" என்றார். பதில் சொல்வது எளிதாக இல்லை. நன்றாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்ற வாதம், பசி இல்லாதபோது சாப்பிடச் சொல்வதுபோல் அவருக்குப் பட்டிருக்கும். அவர் மருத்துவமனையை விட்டு வந்தபோது கொடுத்த ஆங்கிலச் சுருக்கக் குறிப்பில், அடுத்த வருகைக்கான இடத்தில் 'தேவைப்பட்டால் வரவும்' என்ற பொருளில் ஒரு சொல் மட்டுமே இருந்தது. தேவை இருக்கிறதா என்பதை நோயாளி எப்படி அறிவார்? மருத்துவச் சந்தையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள தகவல் இடைவெளியைப் பற்றிப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக வைக்கப்படுகிறது. அந்த ஒற்றைச் சொல்லில் அந்தக் கட்டுரை முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

இதே பரிசோதனைக்கு இன்னொரு முகமும் உண்டு. பெருநகரங்களில் 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் விற்கப்படும் விலை உயர்ந்த தொகுப்புகள் சிலவற்றில் கரோட்டிட் டாப்ளர் இடம்பெறுகிறது. எந்த அறிகுறியும் இல்லாத, பக்கவாதமே வராத மனிதர்களுக்கு இது தேவைதானா? அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைப் பணிக்குழு 2014-இலும் மீண்டும் 2021-இலும் இதை ஆராய்ந்து, அறிகுறியற்ற பொதுமக்களுக்கு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. தவறான ஐயங்கள், அவற்றைத் தொடரும் கூடுதல் சோதனைகள், தேவையற்ற சிகிச்சைகள் ஆகியவற்றால் நன்மையைவிடத் தீங்கே மிகுதி என்பது அதன் முடிவு. ஆக, அதே கருவி, அதே தமனி. வசதியும் ஆரோக்கியமும் உள்ளவருக்குத் தள்ளுபடி விலையில் அழைப்பு அனுப்பப்படுகிறது. ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஏழை நோயாளியைத் தேடி யாரும் போவதில்லை. வளங்களின் தவறான ஒதுக்கீட்டுக்கு நான் வகுப்பில் தேடித் தேடிச் சொன்ன உதாரணங்கள் எல்லாம் இதற்கு முன் மங்கலாகத் தெரிகின்றன.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர் ஸ்கேன் செய்வதாலேயே பக்கவாதம் குறைகிறது என்பதை நேரடியாக நிறுவும் சமவாய்ப்புச் சோதனைகள் இல்லை. மறுசுருக்கம் கண்டவர்களில் பலர் எந்தத் தொல்லையுமின்றி வாழ்கிறார்கள். மறு சிகிச்சைக்கும் அதற்குரிய ஆபத்து உண்டு. ஆகவே, வாழ்நாள் முழுவதும் எல்லாருக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் என்பதை நான் ஆதரிக்கவில்லை. அப்படி ஒரு விதி வந்தால், அதுவே இன்னொரு வணிகமாகிவிடும். அடிப்படை ஸ்கேன், ஆறாம் மாதம், ஓராண்டு, இரண்டாம் ஆண்டு என்று மறுசுருக்கம் மிகுதியாக நேரும் காலத்துக்கு மட்டும் உறுதிசெய்துவிட்டு, சீராக இருப்பவர்களை விட்டுவிடலாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் சற்று நீட்டிக்கலாம். மேலும், இந்தச் சந்திப்பின் பயன் திரையில் தெரியும் வேகத்தோடு முடிவதில்லை. ஸ்டென்ட் வைத்தவர் தொடக்க வாரங்களில் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளும், பின்னர் தொடர்ந்து ஒன்றும் சாப்பிட வேண்டும். கொழுப்புக்கான மாத்திரையும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் கூடவே வேண்டும். மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டவரைக் கண்டுபிடிக்க, ஆறாம் மாத வருகையைப்போல் நல்ல வாய்ப்பு வேறில்லை. தடுக்கப்படும் பக்கவாதங்களில் பல, ஸ்கேன் அறையைவிட அதற்கு வெளியே நடக்கும் அந்த உரையாடலில் தடுக்கப்படும் என்பது என் ஊகம்.

இன்னொன்று. உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுதோறும் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகப் பக்கவாதம் வருகிறது. ஆனால், மேலை நாட்டினரோடு ஒப்பிட்டால் ஆசிய மக்களுக்குக் கழுத்துத் தமனியைவிட மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளில் சுருக்கம் வருவது அதிகம். அங்கே ஸ்டென்ட் வைப்பதைவிடத் தீவிர மருந்துச் சிகிச்சையே பாதுகாப்பானது என்று 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. முதல் 30 நாள்களில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம், மருந்துப் பிரிவில் 5.8 சதவீதம். எனவே, நம் நாட்டில் கழுத்துத் தமனிச் சிகிச்சை பெறுவோர் மொத்தப் பக்கவாத நோயாளிகளில் சிறு பகுதியினரே. அவர்களுக்கு நான்கு ஸ்கேன்கள் என்பது எந்த மாநிலத்தின் கருவூலத்தையும் அசைத்துவிடாது. நிதியமைச்சர்கள் அஞ்ச வேண்டிய செலவு மறு பக்கவாதம் கொண்டுவருவது: படுக்கையில் விழுந்த ஒருவர், அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட இன்னொருவர். இந்த இரண்டாமவர் பெரும்பாலும் ஒரு பெண். அவருடைய உழைப்பு தேசிய வருமானக் கணக்கில் ஏறுவதே இல்லை.

கருவியும் ஆளும் எங்கே என்ற கேள்வி எஞ்சுகிறது. இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் கருவி, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால், பிரிட்டனில் ரத்தக் குழாய்ப் பரிசோதனைக்கென்றே பயிற்சி பெற்ற, மருத்துவர் அல்லாத வல்லுநர்கள் செய்யும் வேலையை இங்கே மருத்துவரே செய்ய வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அந்த மருத்துவரின் முன்னால் கர்ப்பிணிகளின் நீண்ட வரிசை. வாரத்தில் ஒரு பிற்பகலை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ரத்தக் குழாய்ப் பரிசோதனைக்கென ஒதுக்கினாலே, என் சகோதரியைப் போன்றவர்களின் பயணம் பாதியாகக் குறையும்.

தமிழ்நாடு இதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சைகளோடு தொடர் சிகிச்சைக்கான தனித் தொகுப்புகளும் உண்டு; அதாவது, வீடு திரும்பிய பின்னரும் அரசின் பொறுப்பு தொடர்கிறது என்ற கொள்கை ஏற்கெனவே ஏற்கப்பட்டுவிட்டது. கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியை, உரிய பரிசோதனைகளோடு இணைத்துத் தவணை தவணையாக அளிக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள், ரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளோடு வீடு வீடாகச் செல்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய பட்டியலில் ஏற்கெனவே இருப்பார்கள்.

இந்த மூன்றையும் ஒரு கயிற்றில் கோத்தால் போதும். கழுத்துத் தமனிச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குத் தரும் தொகுப்புத் தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, அடிப்படை ஸ்கேனும் ஆறாம் மாத ஸ்கேனும் பதிவேற்றப்பட்ட பின் விடுவிக்கலாம். அப்போது நோயாளியைத் தேடிப்பிடித்து வரவழைக்கும் அக்கறை மருத்துவமனைக்கே வந்துவிடும். மாவட்ட மருத்துவமனையில் ஸ்கேன் செய்தாலும் அது கணக்கில் கொள்ளப்பட வேண்டும். இல்லையேல் நோயாளியைத் தன்னிடமே இழுக்கும் போட்டிதான் மிஞ்சும். பயணச் செலவுக்கு ஒரு சிறு தொகையை மகப்பேறு உதவியைப்போல் நேரடியாக நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம். தன்னார்வலரின் பட்டியலில் மாத்திரைக்கான கட்டத்துக்கு அருகில் ஸ்கேன் தேதிக்கென ஒரு கட்டம் கூடட்டும்.

செலவே இல்லாத ஒன்றை நாளைக்கே தொடங்கலாம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் குறிப்பின் முதல் பக்கத்தில், தமிழில், இடது தமனியின் வேகம் இவ்வளவு, வலது தமனியின் வேகம் இவ்வளவு, அளந்த நாள் இது, அடுத்த மூன்று பரிசோதனைகளுக்கான தேதிகள் இவை என்று நான்கு வரிகள் அச்சிட்டுத் தர வேண்டும். வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அந்த நான்கு வரிகள் நோயாளியோடு போகும்.